பல்பு மங்கிய மத்தியானம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பிறகு திருப்பூரில் துணி மடித்தேன், எர்ணாகுளத்தில் டைல்ஸ் ஒட்டினேன், ஓசூரில் ஒரு பட்டறையில் ஈயம் உருக்கி வயர் ஒட்டும் சால்டரிங் பழகினேன். எந்த ஊரிலும் எனக்கென்று உட்கார ஓர் இடம் இருந்ததில்லை. தாம்பரத்தில் இறங்கியபோது கையில் ஒரு பையும் சால்டரிங் அயனும் இருந்தன. இரும்புலியூரில் ஒரு அக்கா நடத்தும் மைக் செட் கடையில் ஸ்பீக்கர் தூக்கும் வேலை கிடைத்தது. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளலாம், பின்பக்கக் குழாயில் குளிக்கலாம். அது போதும்.

கடை மூலையில் ஒரு ரிப்பேர் மேஜை இருந்தது. அதில் உட்கார்ந்தவர் துபாய் போனபின் வயர் சுருள்களைக் குவிக்கும் இடமாகிவிட்டது. எனக்கு அந்த மேஜை வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அக்காவின் மிக்ஸர் படுத்தது. எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி அது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது, அதன் அடாப்டர்தான் கருகியிருந்தது. ஒரே நேரத்தில் ப்ளஸ் பதினைந்து வோல்ட்டும் மைனஸ் பதினைந்து வோல்ட்டும் தரும் அடாப்டர். கேட்ட கடைகளில் எல்லாம் கைவிரித்தார்கள். சனிக்கிழமை அஸ்தினாபுரத்தில் ஒரு சர்ச் கல்யாண வரவேற்பு, பாடகர் குழுவோடு.

"நான் செஞ்சு தரேங்க்கா" என்றேன்.

"ஓடிச்சின்னா அந்த மேஜை உன்னுது" என்றார் அக்கா. "மிக்ஸர் புகைஞ்சுதுன்னா, அதோட சேத்து உன்னையும் காயலாங்கடையில போட்ருவேன்."

காயலாங்கடைக்கு நானே போனேன். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் வயிற்றிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைத்தது. அதில் மூன்று வயர்: நடுவில் பூஜ்யம், இருபுறமும் பதினைந்து. நான் தேடியது அதுதான். வோல்டேஜைச் சீராக்கும் மூன்று கால் ஐசி இரண்டு வாங்கினேன், ப்ளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. சூடு இறங்க இரண்டையும் ஒரே ஜன்னல் அலுமினியப் பட்டையில் திருகினேன். பார்க்க அழகாக இருந்தது.

புதிதாகச் செய்த எதையும் நேரே பிளக்கில் சொருக மாட்டோம். நூறு வாட் குண்டு பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுப்போம். எல்லாம் சரியென்றால் பல்பு ஒரு முறை மின்னி மங்கிவிடும். ஷார்ட் இருந்தால் முழுசாக எரியும்.

முழுசாக எரிந்தது.

"சூப்பர் மச்சான், கடைக்கே வெளிச்சம் வந்துச்சு!" என்றார் எங்கள் லோடு வண்டி ஓட்டும் அண்ணன். "சீரியல் செட் வாடகைக்கு வுட்டுக்கலாம்."

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மைனஸ் ஐசியைப் பட்டையிலிருந்து எடுத்து அந்தரத்தில் தொங்கவிட்டதும் பல்பு மங்கியது. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ப்ளஸ் ஐசியின் முதுகுத் தகடு பூஜ்யம். மைனஸ் ஐசியின் முதுகிலோ உள்ளே வரும் கரண்டே ஓடுகிறது. ஒரே அலுமினியத்தில் இரண்டு முதுகையும் ஒட்டி, நானே ஷார்ட் செய்திருந்தேன்.

நடுவே மைக்கா வைக்கவேண்டும், அது சூட்டை விடும், கரண்டை விடாது. கடையில் இல்லை. அக்காவின் கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தேன். சூடேறும் கம்பியைச் சுற்றி மைக்காத் தகடு இருந்தது. அதில் ஒரு துண்டு வெட்டினேன். திருகாணியும் ஐசியின் முதுகைத் தொடக்கூடாது. பால்பென் ரீஃபில் குழாயில் ஒரு துணுக்கு நறுக்கி அதற்கு மாட்டினேன்.

மத்தியானம் திரும்ப சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தது.

"இன்னா மச்சான், கரண்ட் பூட்ச்சா?"

"போவலண்ணா. மீட்டரப் பாருங்க."

ப்ளஸ் பதினைந்து. மீட்டர் முனையை அடுத்த பக்கம் மாற்றி வைத்தேன். மைனஸ் பதினைந்து. மிக்ஸரில் வயரைச் சொருகியதும் பச்சை விளக்குகள் வரிசையாக எழுந்தன. அக்கா மைக்கை எடுத்து, "ஹலோ, ஹலோ, டேய் வண்டிக்காரா" என்றார். ஒரு சொட்டு இரைச்சல் இல்லை. எதிர் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை பாடகர் குழு கடைசிப் பாட்டுவரை பாடியது. அடாப்டரின் அலுமினியப் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான்.

திரும்பி வந்து சாமான் இறக்கும்போது அண்ணன் வழக்கம்போல வயர் சுருள்களை மேஜையில் போடப்போனார்.

"அங்க போடாதே" என்றார் அக்கா. "கீழே கெடக்கட்டும். அவன் உக்காரணும்."

நான் பையைக் கொண்டுபோய் மேஜைக்கு அடியில் வைத்தேன்.