லூர்து அக்கா திருத்திய கூட்டுரோடு

போன செவ்வாய்க்கிழமை காலை லூர்து அக்காவின் மகள் போன் செய்தாள். "சார், அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…" எங்கள் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் பலருக்கு அக்காவை வண்டி எண்ணியவராகத்தான் தெரியும். அது போதாது.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில் ஒரு கூட்டுரோட்டில் அடிக்கடி விபத்து நடந்தது. அந்த இடத்தைக் கணினிக்குள் அப்படியே உருவாக்கி, வண்டிகளை ஓடவிட்டு, எங்கே மோதல் நேரும் என்று பார்ப்பது எங்கள் வேலை. வண்டிகளைக் கணக்கெடுக்க, கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவைச் சேர்த்துக்கொண்டோம்.

முதல் ஓட்டத்தை ஊராட்சி அலுவலகத்தில் போட்டுக் காட்டினேன். வண்டியோ ஆளோ மோத நெருங்கும் இடத்தில் திரையில் சிவப்புப் புள்ளி விழும். வளைவில் மட்டும் சில விழுந்தன.

"இன்னா சார், ஜனங்க எல்லாம் அந்த வெள்ளைக் கோட்டுலயே ரோட்ட தாண்டுது?" அக்கா சிரித்துவிட்டார். "கம்பெனி பஸ்ல எறங்குற பொண்ணுங்க பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓடிப் போவுதுங்க. எதிர்ல வர்றவனுக்குத் தெரியவே தெரியாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. பல மாத உழைப்பு. ஆனாலும் மறுநாள் காலை அவரோடு போய் நின்றேன். அவர் சொன்னபடியேதான் நடந்தது. யார் எங்கே கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தார்.

அதைச் சேர்த்து மீண்டும் ஓட்டியபோது பஸ் நிறுத்தத்தருகே புள்ளிகள் குவிந்தன. அக்கா திரையில் விரல் வைத்தார்.

"இங்கதான் சார் என் தம்பி போனான்."

அதுவரை அவர் அதைச் சொன்னதே இல்லை. நான் கணினியை அணைக்கப் போனேன்.

"நிறுத்தாதீங்க. ஸ்டாப்ப அந்தாண்ட தள்ளி வெச்சி ஓட்டுங்க, பாக்கலாம்."

தள்ளி வைத்தேன், ஒரு வேகத்தடையும் சேர்த்தேன். புள்ளிகள் அநேகமாக மறைந்தன. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி ஓட்டுங்க" என்றார்.

நிறுத்தத்தை மாற்றக் கேட்டு நடந்த கூட்டத்தில் நெடுஞ்சாலைத் துறை அதிகாரி தயங்கினார். "கம்ப்யூட்டர நம்பி ரோட்ட மாத்த முடியுமா?"

அக்கா எழுந்தார். "நாங்க பாத்தததான் சார் அது காட்டுது. நீங்களும் ஒரு நாள் வந்து நில்லுங்க."

அதிகாரி வந்து நின்றார். நிறுத்தம் மாறியது. இன்றுவரை அங்கே ஓர் உயிரும் போகவில்லை.

இப்போது வாலாஜாபாத் பக்கம் வேறொரு சாலையை எடுத்திருக்கிறோம். அந்த வழியே தினமும் நடக்கும் நான்கு பெண்களைக் குழுவில் சேர்த்திருக்கிறேன். கணக்கெடுக்க அல்ல, எங்கள் தப்பைச் சொல்ல. அவர்கள் சொல்லும்போது முகம் சுளிக்காமல் கேட்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.