எஞ்சினை நிறுத்தியவர்

எங்கள் தெருவில் தேங்கும் மழைநீரை ஆயில் எஞ்சின் வைத்து இறைத்து வாய்க்காலில் விடுவதற்காக ஒரு எஞ்சினியர் ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தார். நெட்டையான மனிதர். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, பூட்ஸைக் கழுத்தில் மாட்டியபடி வீடு வீடாக வருவார். போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டுச் சுவரில் சாக்கட்டியால் கோடு போடுவார்.

“பெருமாளே நடு ஆத்துல படுத்திண்டிருக்கார். இந்த ஊர்ல வந்து தண்ணி இறைக்கிறீரே!” என்று அடுத்த வீட்டுக்காரர் கேலி செய்தார்.

“அவருக்குப் பழக்கமுங்க. உங்களுக்கு இல்லையே” என்றார் அவர்.

ஐப்பசி அடைமழையில் எஞ்சின் ஓடியது. தண்ணீர் எங்கள் வாசற்படிக்குக் கீழேயே நின்றது. உள்ளே என் பெண் பிரசவ வலியில் இருந்தாள். திடீரென்று எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. நனைந்துகொண்டே ஓடினேன்.

“நிறுத்தாதேங்கோ ஸார்! பொண்ணு வலியில துடிக்கிறா.”

“வாய்க்கால் விளிம்பு வரைக்கும் வந்திடுச்சுங்க. இன்னும் இறைச்சா கரை உடைஞ்சு அடுத்த தெரு மூழ்கிடும்.”

“நிச்சயமா உடையுமா?”

“நிச்சயம்னு சொல்ல முடியாதுங்க.”

“அப்புறம் எதுக்கய்யா நிறுத்தினீர்?” என்று கத்தினேன். அவர் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வந்தார். தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டிருந்தது. பெண்ணைக் கட்டிலோடு தூக்கியபோது அவரும் ஒரு பக்கம் பிடித்தார். எதிர்வீட்டு மாடியில் பேத்தி பிறந்தாள்.

கரை உடையவில்லை. எஞ்சின் ஓடியிருந்தால் உடைந்திருக்குமா என்று யாரைக் கேட்பது?

மறுநாள் எஞ்சினியர் வந்து, “கொழந்தை சௌக்கியங்களா?” என்று விசாரித்தார். நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தேன்.