கேம்ப் ரிஜிஸ்டரில் அக்காவின் பெயர்

இதை அம்மன் சன்னதியில் பலமுறை சொல்லி அழுதிருக்கிறேன். சம்பந்தப்பட்ட அக்காவிடமும் சொல்லிவிட்டேன். ஊரில் மட்டும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை. மனசில் இருப்பதை இருப்பது போலவே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து தார் ரோட்டில் ஏறி அன்னூர்ப் பக்கம் இரண்டு மைல் நடந்தால் கேம்ப் வரும். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் படகேறி வந்தவர்களை அரசாங்கம் குடிவைத்த இடம். இன்றைக்கு அங்கே வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அது ஒரு பழைய குடோன். உள்ளே சாக்குப் படுதாவும் தகரமும் வைத்துத் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று இருந்தார்கள். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். சுற்றிலும் முள்வேலி, வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பெரிய ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டரில் பெயர் இருந்தால்தான் அரிசி, அந்தத் தடுப்பு, எல்லாமே. எப்போது வேண்டுமானாலும் அதிகாரிகள் வந்து பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட நேரத்தில் ஆள் முன்னால் நிற்க வேண்டும். அதை எல்லோரும் செக்கிங் என்றுதான் சொல்வார்கள்.

கேம்ப்புப் பெண்கள் சின்ன வெங்காயத்துக்குக் களையெடுக்க எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்தான் அந்த அக்கா. மன்னார்ப் பக்கத்து ஊர். புருஷன் சண்டைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். கடற்கரையில் குண்டுச் சத்தம் கேட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியதில் அக்கா ஏறிய படகில் அவன் ஏறவில்லை. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் அக்கா எங்கள் தோட்டத்தில் களையெடுத்தார்.

"பொடியன் கட்டாயம் வருவான் பிள்ளை. மண்டபத்துக்கு வந்து இறங்கினா, அங்க கேட்டு எழுதுவினம். எந்தக் கேம்ப்பில என்ட பேர் இருக்கெண்டு பாத்து அனுப்பிவிடுவினம்" என்பார். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மண்டபம் முகாமில்தான் பதிய வேண்டும். அங்கிருந்துதான் மற்ற முகாம்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அதனால் அக்காவுக்கு அந்த ரிஜிஸ்டர்மேல் எங்களுக்கு அம்மன்மேல் இருக்கிற மாதிரி ஒரு நம்பிக்கை.

எனக்கும் அக்காவுக்கும் நன்றாக ஒட்டிப்போயிற்று. மதியச் சோற்றுக்கு அவர் கொண்டுவரும் தேங்காய்ச் சம்பலை என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணி வழியத் தின்பார்.

"ஏனுங்க்கா, உங்க ஊருல மொளகா என்ன சும்மாவா குடுக்கறாங்க?"

"உங்கட ஊரில காரமே இல்லைத் தம்பி. பச்சைப்பிள்ளைக்குக் குடுக்கிற சாப்பாடு."

மாசி முடிந்து எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழாச் சாட்டு வந்தது. கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள மரத்தைக் கம்பமாக நட்டு, திருவிழா முடிகிறவரை தினமும் பெண்கள் தண்ணீர் ஊற்றுவோம். அதில் ஒரு நாள் மேட்டுப்பாளையம் போய், விடியற்காலை பவானி ஆற்றில் முழுகி, தீர்த்தக் குடம் சுமந்து நடந்தே வந்து கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். எட்டொன்பது மணி நேர நடை. குடம் தலையில் ஏறிவிட்டால் வழியில் தரையில் வைக்கக் கூடாது. வேறொருவர் தலைக்கு மாற்றக் கூடாது. வண்டியில் ஏறக் கூடாது. அப்படிக் கொண்டுவந்தால் நினைத்தது நடக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்கு நடந்திருக்கிறது. மூத்தவன் பிறந்தது நான் முதல்முறை குடம் எடுத்த வருஷம்தான்.

நான்தான் அக்காவைக் கூப்பிட்டேன். மகனுக்காக வேண்டிக்கொண்டு நீங்களும் குடம் எடுங்கள் என்றேன். ஊர்ப் பெண்களில் ஒருத்திக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பங்காளி வகைதான், எனக்கு மூத்தவள். கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏனம்மிணி, கேம்ப்புக்காரவிய எடுத்தா நம்ம கம்பத்துக்குச் சேருமா? பாதி வழியில எறக்கிப்போட்டுப் போயிட்டா, ஊருக்கல்ல தோஷம்?"

"எறக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்புங்க" என்றேன்.

"பாக்கலாம், பாக்கலாம்."

அன்றைக்கு எனக்கு ஏறிய ரோஷம் சாமானியமானதல்ல.

முதல் நாள் சாயங்காலமே பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்விட்டோம். கேம்ப்பில் வெளியே தங்க எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாள்தானே என்று பக்கத்துத் தடுப்பில் மட்டும் சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார். விடியக் குளித்து, மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை சொருகி, பதினெட்டுப் பேர் நடந்தோம். அக்கா எனக்குப் பக்கத்தில். வாய்க்குள் மகன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதித் தூரம் வந்திருப்போம். எதிரே என் வீட்டுக்காரர் டிவிஎஸ் வண்டியில் வந்து நின்றார். சட்டைப் பட்டன்கூடப் போடவில்லை.

"அக்கா, கேம்ப்புல திடீர்னு செக்கிங் வந்துட்டாங்க. ரெண்டு மணி வரைக்குந்தான் கையெழுத்தாம். இப்பக் கெளம்புனாப் போயிரலாம். ஏறுங்க வண்டில."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஐயோ பிள்ளை, இப்ப நான் என்ன செய்யிறது?"

"குடத்தோட வண்டில ஏறக்கூடாதுங்களே" என்றேன் நான்.

"அப்படின்னா குடத்தை யாராச்சும் வாங்கிக்கங்க" என்றார் அவர்.

"மாத்தவும் கூடாதுங்க. நேந்தவங்க தலையிலிருந்து எறக்குனா எறக்குனதுதான்."

"ஏ புள்ளே, வெளையாடறயா? அவிய பேரை வெட்டிப்போடுவாங்க."

அப்போது பின்னாலிருந்து அந்தப் பங்காளிப் பெண் சிரித்தாள். "நான் அன்னிக்கே சொன்னனில்ல? எறக்கப் போறாங்க, பாருங்க."

அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ. இத்தனை வருஷமாக அதைத்தான் யோசிக்கிறேன்.

"ஒரு நாள் இல்லீன்னா வெட்டிருவாங்களா? நாளைக்கு நாமளே போயி வெவரம் சொல்லலாம். அம்மனுக்குச் சொமந்துட்டு வர்றவங்களை அம்மன் உட்டுருவாளா?" என்றேன்.

அக்கா குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னையே பார்த்தார். "நீ சொல்லு பிள்ளை. உன்ட கோயில், உனக்குத்தான் தெரியும். நான் என்ன செய்ய?"

"நடங்கக்கா" என்றேன்.

நடந்தோம். என் வீட்டுக்காரர் கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட வந்து பார்த்தார். அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கோயிலுக்கு வரும்போது மூன்றரை மணி. அக்கா கம்பத்துக்குத் தீர்த்தம் ஊற்றிவிட்டு, ஈரத் தரையில் நெற்றி படக் கும்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் தலை நிமிர்ந்து நின்றேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மறுநாள் கேம்ப்புக்குப் போனோம். பெயர்மேல் சிவப்பு மசியில் கோடு. ஓரத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது. தீர்த்தம், சாமி, கம்பம் என்று நான் என்னென்னவோ சொன்னேன். மேசையில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். "நான் வெட்டுனது இல்லீங்கம்மா. மேலதிகாரி வெட்டுனது. மனு குடுங்க, அவிய பாத்துச் சேத்தாத்தான் உண்டு" என்றார். மனு கொடுத்தோம். அக்காவின் தடுப்பு வேறு குடும்பத்துக்குப் போயிற்று. அக்காவை எங்கள் தோட்டத்துச் சாளையில் தங்கவைத்தோம். மாட்டுக்குத் தீவனம் வைக்கிற கொட்டகைதான். ஒரு பக்கம் மெழுகி, அடுப்புப் போட்டுக் கொடுத்தேன். மனுவுக்காக அன்னூருக்கும் கோயமுத்தூருக்கும் என் வீட்டுக்காரர் எத்தனை நடை நடந்தாரோ, கணக்கில்லை. ஒரு தடவைகூட என்னைச் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆறு மாதம் கழித்துப் பெயரை மறுபடி சேர்த்தார்கள். அக்காவைக் கொண்டுபோய் விட நானும் கூடப் போனேன். மண்டபத்திலிருந்து அப்போதுதான் புதிதாக நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. குழாயடியில் நின்ற ஒரு பெண் அக்காவையே உற்றுப் பார்த்தாள். ஊரையும் பேரையும் கேட்டாள். அக்கா சொன்னதும் அவள் கையிலிருந்த பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, நீங்கள் உயிரோட இருக்கிறியளே! உங்கட பொடியன் எங்களோட ஒரே படகில வந்தவன்."

"எங்க? எங்க இருக்கிறான்?"

"நாலு மாசத்துக்கு முந்தி மண்டபத்தில உங்கட பேரைக் குடுத்துத் தேடச் சொன்னவன். எல்லாக் கேம்ப்புக்கும் எழுதிக் கேட்டவை. அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு எல்லா இடத்தாலயும் பதில் வந்தது. அவன் நீங்கள் கடலில போயிட்டீங்கள் எண்டு நினைச்சிட்டான் அக்கா. கடற்கரையிலயே மொட்டை அடிச்சுக் காரியம் செய்தவன். பிறகு ஒரு நாள் படகேறித் திரும்பிப் போயிட்டான். நாங்கள் எவ்வளவோ மறிச்சம்."

அக்கா அழவில்லை. "மொட்டை அடிச்சவனோ?" என்று கேட்டார். "அவனுக்கு நல்ல சுருட்டை முடி."

அதன்பின் எழுதாத கடிதமில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரு பதிலும் வரவில்லை. போன படகு கரை சேர்ந்ததா என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் அக்கா எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. நான்தான் ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குப் போய், அக்காவின் தடுப்பு வாசலிலேயே உட்கார்ந்து சொன்னேன். "அக்கா, அன்னிக்கு நான் அம்மனுக்காகச் சொல்லலீங்க. அந்தப் பொம்பளை சிரிச்சாளே, அதுக்காகச் சொல்லிப்போட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை" என்றார் அக்கா. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்; கை நிற்கவில்லை. "ஆனா குடம் என்ட தலையிலதானே இருந்தது."

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் களையெடுக்க வந்தார்.

நான் அம்மனைக் குறை சொல்லமாட்டேன். அவள் எங்கே நடக்கச் சொன்னாள்? சொன்னவள் நான். இன்றைக்கும் சாட்டு வந்தால் விரதம் இருக்கிறேன், கம்பத்துக்கு ஊற்றுகிறேன். தீர்த்தக் குடம் மட்டும் அந்த வருஷத்தோடு சரி.

கான்கிரீட் வீடு கட்டியபோது ஆறு மாதம் வேறு முகாமில் இருங்கள் என்றார்கள். அக்கா மாட்டேன் என்று பக்கத்திலேயே தகர ஷீட்டில் ஒரு கொட்டகை போட்டுக் கிடந்தார். சண்டை ஓய்ந்ததும் இலங்கைக்குத் திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டு வந்தார்கள். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். பெரியாஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் தங்கச் சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எந்தச் செக்கிங்குக்கும் வரிசையில் முதல் ஆள் அவர்தான்.

இப்போது அக்காவால் நடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரும் போன தை மாதம் காலமாகிவிட்டார். செக்கிங் என்று தகவல் வந்தால் என் மகன் என்னைக் கேம்ப்பில் இறக்கிவிடுவான். நான் அக்காவைத் தாங்கிக் கூட்டிப்போவேன். போன வாரமும் போனோம். மேசையில் ஒரு சின்ன வயசு அதிகாரிப் பெண்.

"நீங்க எதுக்குங்கம்மா இத்தனை செரமப்படறீங்க? வராட்டியும் பேரு போகாதுங்க. நாங்களே ஊட்டுக்கு வந்து பாத்துக்கறோம்" என்றது அந்தப் பெண்.

"ஓம் பிள்ளை. எண்டாலும் வாறன்" என்றார் அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வடிவாப் பாத்துச் சொல்லு. பேர் இருக்குதா?"

நான் ரிஜிஸ்டரில் விரல் வைத்து, அவர் பெயரையும் ஊரையும் சத்தமாக வாசித்தேன். "இருக்குதுங்க்கா."

அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்டார். "அப்ப ஆரும் எழுதிக் கேட்டா, இருக்கிறா எண்டு பதில் போடுவீங்கள்தானே?"

அதிகாரிப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தது. எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"போடுவோமுங்கம்மா" என்றது அந்தப் பிள்ளை.