ஆராட்டு நாளில் ஏறிய விமானம்

புளிச்சோறும் பெட்ரோலும் கலந்த மணம் எங்கேயாவது வந்தால் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிடும். திருவனந்தபுரம் ஆரியசாலையில் என் அப்பா மூட்டை நிறுத்துப் போட்ட மிளகுக் கடையின் முதலாளியம்மாவை நாங்கள் ‘ஆச்சி’ என்போம். மதுரையில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று முதலாளி விமானத்துக்கு டிக்கெட் எடுக்க, தனியாகப் போகப் பயந்த ஆச்சி என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். எங்கள் தெருவில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு, ஏறினவர் கிடையாது. அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்கால விமானம் வந்து சேரவே நேரமாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் பத்மநாபசாமிக்கு ஆராட்டு. கோட்டையிலிருந்து சாமி கடலில் நீராடப் போகிற வழி, விமானம் ஓடுகிற பாதைக்குக் குறுக்கேதான் போகிறது. அவர் போய்த் திரும்புகிற வரைக்கும் எந்த விமானமும் அசையாது. விமான நிலையத்தில் காத்திருந்த எங்களிடம் ஓர் ஆபீசர் வந்து ‘கொறச்சு வைகும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் தாமதமாம். ஆச்சி தூக்குவாளியைத் திறந்து அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் புளிச்சோறு கொடுத்தார். அந்த ஆபீசரும் திரும்பி வந்து ஒரு பங்கு வாங்கிக்கொண்டார்.

ஜன்னல் வழியே யானையும் கொட்டும் தெரிந்ததும் எல்லாரும் எழுந்து கும்பிட்டோம். ஆச்சி முகம் மட்டும் வாடிப்போயிற்று.

“சாமியே குறுக்க வந்துட்டாரு. போவாண்டாம்னுதான் சொல்லுதாரு. எந்திரிட்டீ, வீட்டுக்குப் போவோம்.”

இதை விட்டால் எனக்கு ஏது விமானம்?

“ஆச்சி, அவரு பாதையில நாமல்லா குறுக்க வந்து உக்காந்திருக்கோம். அவரு குளிச்சிட்டுத் திரும்பி வரட்டும். பொறத்தால போறதுக்கு என்ன பயம்?”

“வாயப் பாரு. உங்கப்பன் தராச விடப் பெருசா இருக்கு” என்றார் ஆச்சி; ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

தீவட்டி வெளிச்சத்தில் சாமி திரும்பினார், எங்களையும் கூப்பிட்டார்கள். “சாமி இப்பத்தான் போன தரை, செருப்போட மிதிக்கவா?” என்று ஆச்சி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். பின்னால் வந்த வரிசை முழுக்கக் கழற்றியது. வெறுங்காலோடு நடந்து படியேறினோம். உள்ளே காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள், தட்டில் மிட்டாய் நீட்டினார்கள். நான் இரண்டு எடுத்தேன். காது அடைத்து, வயிறு ஒரு தரம் மேலே எழும்பி இறங்கியது. இரண்டாவது மிட்டாய் கரையுமுன் மதுரை வந்துவிட்டது.

இறங்கியதும் ஆச்சி காலைப் பார்த்தார். “செருப்பு எங்கட்டீ?”

எல்லார் செருப்பும் திருவனந்தபுரத்து வாசலில். கோட்டும் டையும் போட்ட ஒருவர் வெறுங்காலோடு நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தது ஆச்சிதான். மறுநாள் காலை பேத்தியைக் கையில் வாங்கும்போதும் அவர் காலில் செருப்பில்லை.

போன ஆராட்டு அன்று என் மகள் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். சாமிக்காக விமானம் இன்றைக்கும் காத்திருக்கிறது. பஞ்சு போயிற்று, மிட்டாய்த் தட்டு போயிற்று. மிதிக்கிற தரையே போய், கூண்டு மாதிரி ஒரு வழி நேரே விமானத்துக்குள் கொண்டு விடுகிறது. இருந்தாலும் நான் செருப்பைக் கழற்றினேன்.

“அம்மா, எல்லாரும் பாக்காங்க” என்றாள் மகள்.

பார்க்கட்டும். இந்தத் தடவை கையில் எடுத்துக்கொண்டேன்.