ஊதாச் சட்டையில் ஒரு நூல்

எங்கள் அத்தை வேலை பார்த்த கார்மென்ட்ஸ் மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜீவனஹள்ளியில் ஒரே அறை வீடு. அப்பாவின் அக்காவான அத்தை கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். அவள் கம்பெனிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கார் ரேஸில் ஓடும் ஒரு குட்டி டீமின் ஆட்களும் ரசிகர்களும் போட்டுக்கொள்ளும் சட்டைகள். ஊதா நிறம், தோளில் ஆரஞ்சுப் பட்டை. இரண்டே கார் வைத்துக்கொண்டு எப்போதும் கடைசியில் வருகிற டீம் அது. ஆனாலும் அந்த ஆர்டரால்தான் அத்தை சூப்பர்வைசர் ஆனாள். வேறு கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த பெண்களைக்கூட, "என்னை நம்பி வாங்கடி" என்று அழைத்துவந்து தன் தையல் லைனை நிரப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் என்றால் அவர்கள் எங்கள் டிவி முன்னால் வந்து நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். காரை ஒருத்தியும் பார்க்க மாட்டாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுவரோரம் ஊதாச் சட்டையில் உட்கார்ந்திருக்கும் டீம் ஆட்களைக் காட்டும் சில விநாடிக்காகத்தான் காத்திருப்பார்கள். லைனில் ஒருத்தி காலர், ஒருத்தி கை என்று ஆளுக்கு ஒரு பாகம்தானே தைப்பார்கள்? "என் காலருடி அது!" "அந்தக் குண்டன் போட்டிருக்கிறானே, அந்தக் கை என்னுது!" என்று ஒரே கூச்சல். காரைப் பார்த்தது நான் மட்டும்தான். யாருக்கு எந்த இடம், யாருடைய டயர் தேய்ந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு மழை நாள் ரேஸில் பெரிய டீம் கார்களெல்லாம் வழுக்கி ஒதுங்க, எங்கள் டீம் ஐந்தாவதாக வந்தது. அத்தை எல்லோருக்கும் மசாலா பூரி வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஆர்டர் இரண்டு மடங்கானது.

மறு வருஷம் நடுவில் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் மிஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அத்தையை நிற்கவைத்தான். "தையல் மோசம்னு இங்கிலாந்துலேர்ந்து கம்ப்ளெய்ன்ட். ஆர்டர் போச்சு. ஏன்னு உங்க சூப்பர்வைசரம்மாவையே கேட்டுக்குங்க" என்றானாம். அத்தோடு லைனை மூடிவிட்டான். பெண்களின் ஆத்திரம் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. "இருந்த வேலையை விட்டுட்டு உன் பேச்சைக் கேட்டு வந்தேனே, பீஸைக் கண்ணத் தொறந்து பாத்தியாக்கா நீ?" என்று காலர் தைத்தவள் தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அத்தை வாயே திறக்கவில்லை. எனக்கு அவள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. திருப்பி நாலு வார்த்தை கேட்டால் என்ன? அன்றிலிருந்து வீட்டில் ரேஸ் சேனலைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

நான் விடுவேனா? அடுத்த ஞாயிறு டியூஷன் என்று புளுகிவிட்டு, காக்ஸ் டவுனில் கூடப் படிக்கிறவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் டீமின் இரண்டு கார்களையும் காணவில்லை. பணமில்லாமல் டீமையே இழுத்து மூடிவிட்டார்கள் என்றார்கள் டிவியில். டீமின் பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்குவதைக் காட்டினார்கள். அந்தத் தோழி வீட்டு பாத்ரூமில் போய் அழுதேன். எங்கள் வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் புளுகு வெளிப்பட்டு முதுகு பழுத்துவிடும். தவிர, ரேஸ் என் துக்கம், தையல் அத்தையின் துக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இன்று நானே ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆர்டர் கொடுத்தவன் திவாலானால், லைன் பெண்களிடம் உங்கள் தையல் சரியில்லை என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று இங்கேதான் பார்த்தேன். தப்பு தன்னுடையது என்று நம்புகிறவள் பாக்கிக் கூலி, நஷ்டஈடு என்று எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை. அந்த அயோக்கியன் அதைத்தான் செய்திருக்கிறான். இது எனக்கு உறைத்தபோது அத்தை உயிரோடு இல்லை. தொம்மலூரில் ஒரு ஆபீசில் தரை துடைத்தே மிச்சக் காலத்தைத் தள்ளினாள். தையல் மிஷினை மறுபடி தொடவில்லை.

அந்த ஞாயிறு திருட்டுத்தனமாக ரேஸ் பார்த்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, அத்தை தன்னிடம் இருந்த ஒரே ஊதாச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, உன் கண்ணு நல்ல கண்ணு. இதுல எங்கடி தப்பு? ஒரு வாரமா பாக்கறேன், எனக்குத் தெரியல."

அத்தை என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அக்குள் தையலில் ஒரு நூல் துளியூண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"இதோ அத்தை, இங்கே!"

அவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "ஆமாண்டி. நான்தான் பாக்காம விட்டிருக்கேன்" என்றாள்.

கண்டுபிடித்துக் கொடுத்துவிட்ட பெருமையோடு நான் விளையாட ஓடினேன்.