தவணை தவறாத கேப்டன்

என் அக்காவின் கணவரை அவர் வேலை பார்த்த ஓட்டலில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. பெரிய விருந்துகள் நடக்கிற ஹாலில் பரிமாறும் பையன்களுக்கு அவர் தலைவர், அவ்வளவுதான். ஐந்நூறு பேர் உட்கார்கிற ஹாலில் ஒரு ஸ்பூன் கோணலாக இருந்தால் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார். வீட்டிலும் அதே கண். நான் சாப்பிட உட்கார்ந்தால், தண்ணீர் டம்ளரை என் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய முட்டாள்தனங்களும் அவரிடம் நிறைய உண்டு.

அதில் பெரியது, கடனைப் பற்றிய அவருடைய பயம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை இருபது வருடக் கடனில் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து கையில் காசு தங்கவிட்டதில்லை. போனஸ் வந்தால் வங்கிக்கு ஓடுவார். விருந்துக்காரர்கள் கொடுக்கிற டிப்ஸ் சேர்ந்தால் வங்கிக்கு ஓடுவார். ஸ்கூட்டரை விற்ற பணமும் அங்கேதான் போனது. தவணைக்கு மேல் தவணையாகக் கட்டிக் கட்டி, "இருபது வருஷத்தைப் பன்னிரண்டா ஆக்கிட்டேன் மாப்ளே" என்று என்னிடம் பெருமை பேசுவார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வார்களே, அந்த வீட்டில் அது தினசரி நடப்பு. பிள்ளைகள் சுற்றுலா என்று வெளியே போனதே கிடையாது.

"அவசரத்துக்குன்னு கொஞ்சம் கையில வெச்சுக்கோங்க மாமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"கடனை வெச்சுக்கிட்டுக் கையில காசு வெச்சிருக்கறவன் திருடன்" என்றார். அதற்குமேல் யார் பேசுவது?

அப்புறம் நோய் வந்தது, ஊரடங்கு வந்தது, ஓட்டலை மூடினார்கள். மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று ஆரம்பித்து, சம்பளம் கிடையாது என்று முடிந்திருந்தது. வேலை போகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம். மறுபடி திறக்கும்போது சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். அதுவரை வேறு இடத்தில் சேர்ந்தால் இங்கே உள்ள உரிமை போய்விடும். அதாவது சோறும் போட மாட்டார்களாம், வேறு வீட்டில் சாப்பிடவும் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவோ அந்தக் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "குடும்பத்துல ஒருத்தர்னு போட்டிருக்காங்க பாத்தியா" என்றார்.

அக்கா மருந்துக் கடையில் வேலை செய்தாள். அது மட்டும் திறந்திருந்தது. அவள் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அவளுடைய சம்பளம் அரிசிக்கும் கரண்டுக்கும் சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்ட முடியவில்லை. அவர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனில் நடக்கிற வகுப்புக்கு இந்தப் பிள்ளைகள் நுழைய முடியாதபடி அடைத்துவிட்டார்கள். ஆகவே கேப்டன் வாத்தியார் ஆனார்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசைமேல் வெள்ளை விரிப்பு. பென்சில் வலது பக்கம், ரப்பர் அதற்கு மேலே, நோட்டு மேசை விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஆறாவது படிக்கும் பெரியவளுக்குப் பின்னக் கணக்கைத் துணி நாப்கினை மடித்து மடித்துச் சொல்லிக் கொடுத்தார். அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இரண்டாவது படிக்கும் சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நாப்கினில் படகு செய்யக் கற்றுக்கொண்டான். அறிவியல் வந்தால் மட்டும் மாமா திணறுவார். போனில் யூடியூப் பாடத்தை முதலில் தானே ஒருமுறை கேட்டுக்கொண்டு, அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்வார். தப்பாகச் சொன்னால் பெரியவள் திருத்துவாள், இவருக்குக் கோபம் வரும், கத்துவார். கத்திவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொள்வார். வீட்டில் இருந்தது ஒரே போன். அது நாள் முழுக்கப் பிள்ளைகள் கையில்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் தவணை நாள் வந்துகொண்டே இருந்தது. மாமாவுக்கு ஒரு தைரியம் இருந்தது. இத்தனை வருடம் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம், அதிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னால் போயிற்று என்று நினைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். கடன் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க கூடுதலா கட்டினதெல்லாம் கடைசி வருஷங்கள்லேர்ந்து கழிஞ்சிடுச்சு சார். இந்த மாசத் தவணை இந்த மாசத்துக்குத்தான். அது அப்படியே நிக்குது."

"என் பணம்தானே மேடம்? அதைத்தானே கேக்கறேன்?"

"புதுக் கடனா கேட்டா கொடுக்கலாம் சார். ஆனா சம்பளச் சீட்டு வேணும்."

"சரி, சிரமத்துல இருக்கறவங்களுக்குத் தவணையைத் தள்ளிப் போடறதா சொன்னாங்களே?"

அந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அது கட்ட முடியாதவங்களுக்கு சார். நீங்கதான் ஒரு மாசம்கூட விடாம கட்டியிருக்கீங்களே. உங்களுக்குச் சிரமம் இருக்குன்னு சிஸ்டம் ஒத்துக்காது."

ஒழுங்காக இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கட்டாமல் ஏய்த்தவனுக்குச் சலுகை உண்டு. கட்டியவன் வீட்டுக்குப் போய் இன்னும் கட்ட வேண்டியதுதான். மாமா அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டு, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தார். நானாக இருந்தால் அந்த நாற்காலியை உதைத்துவிட்டு வந்திருப்பேன்.

அக்காவின் வளையல்கள் போயின. ஃபிரிட்ஜ் போனது. அந்தப் பணமும் தவணைக்கே போனது. அப்புறம்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"இனிமே ஒரு பைசா கட்டக் கூடாது. விட்டுத் தள்ளுங்க. மூணு தவணை தவறினாத்தான் அவங்க நம்மளைத் திரும்பிப் பார்ப்பாங்கன்னா, தவறட்டும்."

"நான் யாருக்கும் பாக்கி வெச்சதில்ல" என்றார் மாமா.

"பிள்ளைங்களுக்குப் பாலை நிறுத்தியாச்சு. அது பாக்கி இல்லையா?"

அந்த மாதம் மாமா தவணை கட்டவில்லை. வெளியே தலைகாட்டக் கூசி, மாடிப்படியில் எதிர்ப்படும் ஆட்களுக்குக்கூட ஒதுங்கி நின்றார்.

உடனே போன் அடிக்க ஆரம்பித்தது. வசூல் ஆட்கள் ஒரே நம்பரிலிருந்து பேச மாட்டார்கள், நாளுக்கொரு நம்பர். எடுக்காமல் விட்டால் ஆள் நேரில் வந்துவிடுவான். முதல் தடவை அப்படித்தான் ஒருவன் வந்து, கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி மானத்தை வாங்கிவிட்டுப் போனான். மாமாவே எடுத்துப் பேசினால் நாக்கு குழறியது. அவருக்குப் பொய் வராது. ஒருநாள் பெரியவள் எடுத்து, அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். எதிர்ப்பக்கம் குழந்தைக் குரலைக் கேட்டதும் அந்த ஆள் அன்றைக்கு அடங்கிவிட்டான். அதிலிருந்து அந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் கூடியது.

சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஹாலில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பாரே, அதே மாதிரி கொடுத்தார். ஓட்டலில் ஒரு பதார்த்தம் தீர்ந்துபோனால் விருந்தாளி முகம் கோணாமல் இல்லையென்று சொல்ல வேண்டும். அது ஒரு கலை. அந்தக் கலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"முதல்ல வணக்கம் சொல்லணும். குரல் நடுங்கக் கூடாது. 'அப்பா வெளியூர் போயிருக்காங்க, எப்ப வருவாங்கன்னு தெரியாது' அவ்வளவுதான். யாரு என்னன்னு கேக்க வேண்டாம். கேட்டா பேச்சு வளரும். நன்றி சொல்லிட்டு வெச்சிடணும்."

பெரியவள் சொன்னபோது கண் கீழே பார்த்தது. சின்னவனுக்கோ அது விளையாட்டு. வாய்ப்பாட்டில் தட்டுத்தடுமாறுகிற பயல், இதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். போன் மணி அடித்தால் பெரியவளை முந்திக்கொண்டு ஓடுவான். ஒருநாள் நான் அங்கே இருந்தபோதே ஒரு போன் வந்தது. மாமா குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சின்னவன் எடுத்தான், வணக்கம் சொன்னான், அப்பா வெளியூர் என்றான், நன்றி சொல்லி வைத்தான். மறுபடி அடித்தது. மறுபடியும் அதையே சொன்னான்.

"யாருடா?" என்று மாமா ஈரக் கையோடு வந்து கேட்டார்.

"யாரோ அங்கிள். ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் சமாளிச்சுட்டேன்."

"கெட்டிக்காரன்" என்று மாமா அவன் கன்னத்தைத் தட்டினார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது தவணையும் தவறிய பிறகு, வங்கியிலிருந்து அந்த அதிகாரியே வரச் சொன்னார். இப்போது சிஸ்டம் ஒத்துக்கொண்டதாம். ஒரு வருடத்துக்குத் தவணையைப் பாதியாக்கித் தருவார்கள், வீடு ஏலத்துக்குப் போகாது. ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. வேலை இன்னும் இருக்கிறது, திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று ஓட்டலிலிருந்து ஒரு கடிதம். மாமாவுக்கு உயிர் வந்தது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

ஓட்டல் வாசலில் பந்தோபஸ்தாகக் கயிறு கட்டி, வருகிறவர்கள் கையில் மருந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. பாதி திறந்துவிட்டார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஆள் எடுக்கும் பிரிவில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். மாமா பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

"கேப்டனா? சார், உங்களைத்தானே முதல்ல கூப்பிட்டோம். நான்தான் பேசினேன். வெளியூர் போயிருக்கீங்க, எப்ப வருவீங்கன்னு தெரியாதுன்னு ஒரு குழந்தை சொல்லிச்சு. ரெண்டாவது தடவையும் அதேதான். நீங்க வேற எங்கேயோ சேந்துட்டீங்கன்னு எழுதிட்டோம். அடுத்தவரைக் கூப்பிட்டாச்சு, அவரும் வந்து சேந்துட்டார்."

"நான் வீட்லதான் இருந்தேன் தம்பி" என்றார் மாமா.

"அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னாங்க?"

அதற்கு என்ன சொல்வது? கடன்காரனுக்குப் பயந்து பிள்ளையை விட்டுப் பொய் சொல்ல வைத்தேன் என்று, வாழ்நாளில் யாருக்கும் பாக்கி வைக்காத அந்த மனிதர் அங்கே நின்று எப்படிச் சொல்வார்? கடிதம் கேட்டுப் பார்த்தார். வேலையே இல்லாதவருக்கு வேலை இருப்பதாக எப்படி சார் கொடுப்பது என்றான் பையன். அவன் சொன்னதிலும் தப்பில்லை. வெளியே வந்ததும் நான் மேனேஜரைப் பார்த்துச் சண்டை போடலாம் என்றேன். மாமா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த ஓட்டல்காரர்கள், அந்த வங்கி, அந்த சிஸ்டம் எல்லாவற்றையும் வண்டி ஓட்டிக்கொண்டே நான்தான் திட்டித் தீர்த்தேன். என்ன பிரயோஜனம்? கடிதம் இல்லையென்றால் சலுகை இல்லை. சலுகை இல்லையென்றால் வீடு இல்லை.

வீட்டுக்கு வந்தோம். பெரியவள் தம்பிக்கு டிக்டேஷன் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் சொன்ன பிள்ளையை எதற்குத் திட்டுவது?

மேசைமேல் இருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். சின்னவன் பாய்ந்து எடுத்தான். அழுத்தப் போனவன், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவோ தயங்கினான்.

"அப்பா, நீங்க இருக்கீங்களா, இல்லையா?"

மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.