கடைசி ஆளாக வந்த எஸ்தர் டீச்சர்

ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் வீட்டுப் பெண்ணுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஜட்காக்காரர் வாசலில் நின்று, "எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்கம்மா" என்றார். அந்த வீட்டு மாமி, "பெருமாள் திருவடி சேர்ந்துட்டாளா!" என்று கைகூப்பினார். பல வருஷம் ஒரே பள்ளியில் டீச்சரோடு வேலை பார்த்த எனக்கோ, அந்த அளவுக்குக்கூட நிச்சயமாகச் சொல்ல நா எழவில்லை. காவேரிப் பாலம் தாண்டித் திருச்சி வரும்வரை வெட்கமாக இருந்தது.

சபையாரே, நம் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வோம். காய்ச்சல் தீர்ந்தது, மகன் பரீட்சையில் தேறினான், எல்லாம் ஆண்டவர் செயல். ஒருநாள் டீச்சர் எழுந்தார். "நான் ஜெபிக்கிறது அவருக்குக் கேட்குதான்னே கொஞ்ச நாளா சந்தேகமா இருக்குங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். நாம் பண்ணவில்லை. பாடகர் குழுவை நடத்தும் தாவீது அண்ணன் தொண்டையைச் செருமி ஒரு பாட்டை எடுத்தார். தப்பித்தோம் என்று எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அன்றுபோல நாம் சுருதி சுத்தமாகப் பாடியதே இல்லை.

அந்த வருஷம் உறையூரில் காலரா. விசுவாசத்தில் குறையில்லாத நாம் கதவைச் சாத்திக்கொண்டு சங்கீதம் வாசித்தோம். டீச்சர், தன் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் படுத்துவிட்டாள் என்று கேட்டு, அந்த நெசவாளர் வீட்டுக்குப் போய் அவளைப் பிழைக்க வைத்துவிட்டுத்தான் வந்தார். "பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "இல்லாம என்ன? பயமும் இருந்துச்சு, சந்தேகமும் இருந்துச்சு. ரெண்டையும் கூட்டிக்கிட்டுத்தான் போனேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு நற்கருணை. ஒரே பாத்திரத்துத் திராட்சரசத்தை எல்லோரும் பருகுவது நம் வழக்கம். நான் டீச்சருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தேன். அவர் பருகிய பாத்திரம் என்னிடம் வந்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, குடிப்பதுபோலத் தலையை மட்டும் சாய்த்தேன். எனக்கு அப்பால் இருந்தவர்களும் அப்படித்தான். போதகர் கைக்குத் திரும்பியபோது, டீச்சர் பருகியதற்குமேல் பாத்திரம் குறையவே இல்லை. டீச்சர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் பருகி முடியும்வரை காத்திருந்து, கடைசி ஆளாகவே வந்தார். அவருக்குப் பின் மீதியைப் பருக வேண்டியவர் போதகர்தான். பாவம், அவருக்குத் தப்ப வழியில்லை. காலரா ஓய்ந்து வருஷங்கள் ஆகியும் டீச்சர் கடைசியிலேயே வந்தார். முன்னால் வாங்க என்று நம்மில் ஒருவரும் கூப்பிடவில்லை.

அடக்கம் முடிந்த வாரம், புதன்கிழமைக் கூட்டத்தில் என் முறை வந்தது. வழக்கமான சாட்சி ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். எழுந்ததும் அது வரவில்லை. "டீச்சர் இப்ப எங்க இருக்காங்கன்னு எனக்கு நிச்சயமா சொல்லத் தெரியலீங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அப்படிக் கேட்கும் தைரியம் மட்டுமே.

தாவீது அண்ணன் தொண்டையைச் செருமினார். பாட்டு வரவில்லை. "அன்னைக்கே பண்ணியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு முழங்காலிட்டார்.